அசோக் கேட்ட பெயர்

இல்லை, இந்த முறை போனை எடுத்ததுமே கேட்டுவிட வேண்டும், ஏன் சார் நர்மதா மேடத்துக்குப் போன் பண்ணினீர்கள் என்று, வணக்கம்கூடச் சொல்லாமல், குரலில் கொஞ்சம் சூட்டோடு, சூடு கூடிப்போனால் ஏஜெண்டு அசோக் அப்புறம் கூப்பிடவே மாட்டான், ஆகவே கொஞ்சமாக... காமில் சட்டைப் பையிலிருந்து செல்போனை எடுத்துப் பார்த்தான். சிக்னல் ஒரு கோடுதான் இருந்தது. பெரம்பலூர் டவுனுக்குள்ளேயே இந்த லட்சணம் என்றால் ஊரில் எப்படி இருக்கும், நேற்றெல்லாம் அசோக் கூப்பிட்டு, கிடைக்காமல், வேறு ஆளைப் பார்த்துவிட்டானோ? பக்கத்து நாற்காலியில் அவனைப் பெற்ற அத்தா கண்களை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். கண்ணாஸ்பத்திரி சிஸ்டர் சொட்டு மருந்து விட்டுவிட்டு, "டாக்டர் கூப்புடுற வரைக்கும் கண்ணத் தொறக்காதீங்க பாய்" என்று சொல்லிப் போயிருந்தாள். ஜித்தாவில் பாதி ஆயுசு லாரி ஓட்டிய ஷஃபியுல்லா, இப்போது சொன்னபடி கேட்கும் பள்ளிக்கூடப் பையன் மாதிரி, இரண்டு கைகளையும் முழங்காலில் வைத்து, முகத்தை லேசாக மேலே தூக்கிக்கொண்டு... வெளியே எறையூர் ஆலைக்குப் போகும் கரும்பு டிராக்டர் ஒன்று கதவுகள் அதிரக் கடந்து போனது, அத்தாவின் முகம் அந்தச் சத்தத்தின் பக்கம் மெதுவாகத் திரும்பி, அது போன வழியே போய், மறுபடி நேரானது.

காது நன்றாகக் கேட்கிறது அவருக்கு. அதுதான் பயம். இங்கே உட்கார்ந்து அசோக்கிடம் பேச முடியாது. அவர்கள் ஊரான லெப்பைக்குடிக்காட்டில் ஏஜெண்டு என்ற சொல்லுக்கு ஒரு வாடை உண்டு, காமில் அதை முகர்ந்தே வளர்ந்தவன், பம்பாயில் விசாவுக்கு என்று போய் மாதக்கணக்கில் கிடந்தவர்கள், தினமும் காலையில் ஏஜெண்டு ஆபீஸ் வாசலில் நின்று, இன்னைக்கு வருமா சார், நாளைக்கு வருமா சார் என்று கேட்டு, ஷிப்ட் போட்டுத் தூங்குகிற அறைக்குத் திரும்பி வந்தவர்கள், அதில் அத்தாவும் ஒருவர். அதனால்தான் காமிலுக்குச் சென்னையில் வேலை கிடைத்த வருடம், ஜும்மா முடிந்து பள்ளிவாசல் படியில் செருப்பு மாட்டிக்கொண்டே எல்லோரிடமும் சொன்னார். எம் புள்ள எந்த ஏஜெண்டு வாசல்லயும் நிக்கல, படிச்சான், கம்பெனி கூப்புட்டுச்சு, அவ்வளவுதான். காமில் பக்கத்தில்தான் நின்றான். அவனைக் கூப்பிட்டது கம்பெனி இல்லை. கூப்பிட்டது அசோக். காமில் உட்கார்ந்து வேலை செய்த கம்பெனியின் சம்பளப் பட்டியலில் அவன் பெயரே கிடையாது, கழுத்தில் தொங்கும் அட்டையின் நிறம்கூட வேறு, மற்றவர்களுக்கு நீலம், காண்ட்ராக்ட் ஆட்களுக்கு மஞ்சள். அன்றைக்கே சொல்லியிருக்கலாம். அப்புறம் சொல்லிக்கொள்ளலாம் என்று நினைத்தான். அப்புறம் எப்போதாவது பேச்சு வந்தால், கன்சல்டன்ட் என்றான், அத்தாவுக்கு அது ஏதோ பெரிய பதவி என்று பட்டிருக்க வேண்டும், அதையும் ஊரெல்லாம் சொன்னார்.

இப்போது காண்ட்ராக்ட் முடிந்து வீட்டில் கிடக்கிறான். லீவு என்று சொல்லியிருக்கிறான். லீவு எவ்வளவு நாள்தான் நீளும், அம்மா கேட்பதை நிறுத்திவிட்டாள், நிறுத்தியதுதான் உறுத்துகிறது. நர்மதா மேடம் நல்ல மாதிரி, அவன் வேலை பார்த்த டீமுக்கு மேனேஜர், கிளம்புகிற அன்று கேன்டீனில் காபி வாங்கிக் கொடுத்து, "அடுத்த ப்ராஜெக்ட் வந்ததும் உங்களத்தான் மொதல்ல கூப்பிடுவேன் காமில்" என்றார்கள். அந்தக் கம்பெனியில் ஹெச்.ஆரைத் தாண்டி யாரையும் தெரியாத அசோக் அந்த வாரமே கேட்டான், ரெஃபரன்சுக்கு ஒரு மேனேஜர் பேரும் நம்பரும் கொடுங்க, சும்மா ஒரு ஃபார்மாலிட்டி. கொடுத்தான். ரெஃபரன்ஸ் என்றால் தன்னைப் பற்றி விசாரிப்பார்கள், மேடம் நல்லதாகவே சொல்வார்கள் என்று சந்தோஷமாகவே கொடுத்தான். அசோக் அவனைப் பற்றி ஒரு வார்த்தை விசாரிக்கவில்லை. உங்களுக்கு ஆள் வேணுமாமே மேடம், எங்கிட்ட இருக்காங்க என்று நச்சரித்து, மேடத்துக்கு மேலே இருக்கிறவரையும் பிடித்து, இரண்டு பேரை அங்கே உள்ளே தள்ளிவிட்டான். அதில் ஒருவன் உட்கார்ந்தது காமில் உட்கார்ந்திருந்த நாற்காலியில். மேடம்தான் போன் செய்து சொன்னார்கள், கோபமாகக்கூட இல்லை. "என் நம்பர யாருக்குக் குடுத்தீங்க காமில்? ஒரு வார்த்த என்னக் கேட்டிருக்கலாமே." அந்த 'கேட்டிருக்கலாமே'... பல் தேய்க்கும்போது, சோற்றில் கை வைக்கும்போது, தொழுகையில் சலாம் கொடுக்கும்போதுகூட...

போன் அடித்தது. அசோக். காமில் எழுந்து ஜன்னல் பக்கம் போனான், சிக்னல் அங்கேதான் இருந்தது, ஜன்னலோ அத்தாவின் நாற்காலிக்கு நேர் பின்னால். "சார், வணக்கம் சார்" என்றது அவன் வாய். கேட்க வைத்திருந்த கேள்வி எங்கே போயிற்று, இதோ தொண்டையில்தான் இருக்கிறது, முதலில் அவன் என்ன சொல்கிறான் என்று கேட்டுவிட்டு... "காமில், க்ளையன்ட் உங்க விஷயத்துல ரொம்ப பாசிட்டிவா இருக்காங்க" என்றான் அசோக். எந்த க்ளையன்ட் என்று கேட்டால் சொல்ல மாட்டான், போன மாதமும் பாசிட்டிவ்தான், அதற்கு முந்தின மாதமும், வேறெங்கும் முயற்சி பண்ணாதீங்க, நான் பாத்துக்கறேன் என்று சொல்லிவிட்டு வாரக்கணக்கில் போனை எடுக்காமல் இருந்தவன். "ரொம்ப தேங்க்ஸ் சார்" என்றான் காமில். அசோக் இறங்கிய குரலில், "ஒரு சின்ன ஹெல்ப். உங்க ரூம்ல ஒருத்தர் இருந்தாரே, அரியலூர்க்காரர்..." என்றான். தங்கராசு, சார், என்றான் காமில். "ஆங், தங்கராசு. அவரு காண்ட்ராக்ட் எப்ப முடியுது?" இந்த மாசக் கடைசி சார், நீட்டிப்பாங்கன்னு பாத்துக்கிட்டிருக்கான், என்றான் காமில். "அங்க மேனேஜர் யாரு?"

இந்தக் கேள்வி எங்கே போய் முடியும் என்று காமிலுக்குத் தெரியாதா என்ன? நர்மதா மேடம் விஷயத்தில் தெரியாமல் செய்தான் என்று தன்னைச் சமாதானம் செய்துகொண்டானே, இதை என்னவென்று சொல்லிக்கொள்வான்? தங்கராசு, சென்னைக்குத் திரும்பும் ஞாயிற்றுக்கிழமைகளில் அரியலூர் ஸ்டேஷனில் முன்னாலேயே போய் நின்று, அன்ரிசர்வ்டு பெட்டியில் துண்டைப் போட்டு இவனுக்கும் சேர்த்து இடம் பிடிப்பவன், நோன்பு மாதத்தில் இவனுக்காக அலாரம் வைத்து எழுந்து, அரைத் தூக்கத்தில் ஸ்டவ்வைப் பற்றவைத்துச் சோறு சூடு பண்ணியவன்... "காமில், லைன்ல இருக்கீங்களா? எப்படியும் அங்க ரேட்டக் கொறச்சு வேற ஆளத்தான் பாப்பாங்க. வேற யாரோ போறதுக்கு நீங்களே போகலாமில்ல? மண்டே இன்டர்வியூவே போட்டுருவேன்." ஜன்னல் கம்பியில் பழைய துணி நாடா ஒன்று கட்டியிருந்தது, காமில் அதன் முடிச்சை நகத்தால் நெருடிக்கொண்டே இருந்தான். யோசித்துச் சொல்கிறேன் சார் என்று சொல்லலாம். தெரியாது சார் என்று சொல்லலாம். அந்த மேனேஜரின் பெயரை அவன் சொன்னான். அசோக்குக்குச் சரியாகக் கேட்கவில்லை, சிக்னல். மறுபடியும் சொன்னான், சத்தமாக, எழுத்துக்கூட்டி.

திரும்பி வந்து உட்கார்ந்தான். அத்தா கண்ணைத் திறக்கவில்லை. மூடிய இமைகளின் ஓரத்தில் மருந்து கசிந்து தாடி வரை இறங்கியிருந்தது, காமில் கைக்குட்டையால் துடைத்துவிட்டான், அவர் முகத்தைக் காட்டிக்கொண்டிருந்தார்.

"யாருத்தா போன்ல, ஏஜெண்டா?" என்று கேட்டார் அத்தா.

ஆபீஸ் என்று சொல்ல வாயெடுத்தான். வரவில்லை. "ஆமாத்தா" என்றான்.

இப்போது வரும் என்று காத்திருந்தான். எத்தனை வருசமாடா இது, பள்ளிவாசல்ல எல்லார் முன்னாடியும் என்னப் பேச வச்சியே, என்று. அல்லது எழுத்துக்கூட்டிச் சொன்னானே, அந்தப் பெயரைப் பற்றி. யாரை விலை பேசின, என்று. கேட்டால் சொல்லிவிடலாம், எல்லாவற்றையும், உடனே தங்கராசுவுக்குப் போன் போட்டு எச்சரித்துக்கூட விடலாம், அத்தா திட்டட்டும், சிஸ்டர் பார்க்கட்டும், எதிர் நாற்காலியில் குழந்தையை மடியில் வைத்திருக்கும் அந்தப் பெண் பார்க்கட்டும்... அவர் தலையை மட்டும் ஆட்டினார்.

"கொரலக் கேட்டப்பவே தெரிஞ்சிச்சு. நா பம்பாயில பேசுன கொரலு." தாடி ஈரத்தை விரலால் ஒற்றிக்கொண்டு, "வேல குடுத்துருவானா?" என்றார்.

"திங்கக்கெழம இன்டர்வியூங்கிறான்."

"கோவமா ஏதும் பேசிராத. அவனுங்களுக்கு மருவாதி கொறஞ்சா பொறுக்காது." மூடிய கண்களோடு காமிலின் பக்கம் திரும்பி, கையைத் தேடிப் பிடித்துக்கொண்டார். "அடுத்த தடவ அவன் கூப்புட்டா எங்கிட்டக் குடு. வயசானவன் பேசுனா கொஞ்சம் எரக்கம் வரும். நா ரெண்டு வார்த்த சொல்றேன்."

அத்தாவின் உள்ளங்கை, ஸ்டியரிங் பிடித்துக் காய்த்துப் போனது, கொஞ்சம் ஈரமாக இருந்தது. சீச்சீ, வேண்டாம் அத்தா, நீங்கள் எதற்கு... என்று காமில் சொல்ல வேண்டும், சொல்லத்தான் போகிறான், உள்ளேயிருந்து சிஸ்டர் அத்தாவின் பெயரைக் கூப்பிடுகிறாள், எழுப்பிக் கைத்தாங்கலாகக் கூட்டிப் போக வேண்டும், ஆனால் அவன் இன்னும் எழுந்திருக்கவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை, அசோக்குக்குத் தமிழ்நாட்டுக்காரன் மனசுதானே, ஒரு வயதான பாய் நடுங்கும் குரலில் எம் புள்ளைய விட்டுறாதீங்க சார் என்றால், அதுவும் ஞாயிற்றுக்கிழமையே பேசினால், திங்கட்கிழமைக்கு அது உதவுமா உதவாதா என்று அவன் மனம் பாட்டுக்கு யோசித்துக்கொண்டிருந்தது.