சக்கரம் திரும்பும் பக்கம்

கொழுந்தன் குறடால் பிடித்துத் திருகியபோது முதலில் எதுவும் அசையவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு மறுபடி திருகினான். டக்கென்று ஒரு சத்தம். பித்தளைச் சக்கரம் குறடோடு கையில் வந்துவிட்டது. அதன் நடுவிலிருந்து முறிந்த இரும்புத் தண்டின் துண்டு, பிடுங்கிய பல்லின் வேர்போல நீட்டிக்கொண்டிருந்தது.

"துரு அண்ணி. நான் ஒண்ணும் பண்ணல," என்றான்.

அவள் தையல் மெஷினிலிருந்து உடனே எழவில்லை. காலர் ஓடிக்கொண்டிருந்தது. நடுவில் நிறுத்தினால் கோணும். முடித்து, நூலை அறுத்துவிட்டு வந்து பார்த்தாள். திட்டத்தான் வாயெடுத்தாள். அவன் முகத்தைப் பார்த்ததும் திட்டாமல் சக்கரத்தைக் கையில் வாங்கினாள். நல்லது செய்யப் போய்த்தான் இப்படி ஆகியிருக்கிறது. துருவைப் போக்கிப் பளபளவென்று அண்ணன் கையில் கொடுக்க வேண்டும் என்பது அவன் ஆசை. அந்தச் சக்கரத்தைத் திருப்பித்தான் மரம் இழைக்கும் இழைப்புளியின் அலகை வெளியே தள்ளுவதும் உள்ளே இழுப்பதும். அது இல்லாவிட்டால் இழைப்புளி வெறும் இரும்புக் கட்டி.

அவள் கணவர் தச்சர். மழைக்காலத் தொடக்கத்தில், கதவுக்குக் கீல் வைத்துக்கொண்டிருக்கும்போது விழுந்தார். மூளையில் ரத்த அடைப்பு என்றார்கள். காலும் கையும் மெல்ல மெல்லத் திரும்பி வந்தன. வார்த்தைதான் வரவில்லை. கரண்டி வேண்டும் என்றால் சீப்பு என்பார். நேற்று என்பதற்கு நாளைக்கு என்பார். தப்பான வார்த்தை வந்துவிட்டது என்பது மட்டும் அவருக்கு உடனே தெரிந்துவிடும். அதனால் வாயையே மூடிக்கொண்டார். ஒரு காலத்தில் அந்த வாய்க்குப் பயந்து மரக்கடைக்காரர் நல்ல பலகையைத் தனியே எடுத்து வைப்பார்.

அவர் பேசாமல் இருந்தது பழகிப்போய், வீட்டில் அவரிடம் கேட்பதும் நின்றுபோயிற்று. கொழுந்தன் பாசமாகத்தான் இருந்தான், அதுதான் இன்னும் கஷ்டமாக இருந்தது. பார்க்க வந்தவர்கள் அண்ணனிடம் எதையாவது கேட்டால் இவன் பதில் சொல்வான். பட்டறை சும்மா பூட்டிக் கிடக்கிறது, ஜன்னல் கண்ணாடி போடுகிறவர் ஒருவர் மேஜையோடு சேர்த்துக் கேட்கிறார், கொடுத்துவிடலாம் என்று இரண்டு மூன்று தடவை சொல்லிவிட்டான். "அண்ணனுக்கு இனிமே அதெல்லாம் பிடிபடாது அண்ணி. நீங்கதான் மனசைத் தேத்திக்கணும்." அவள் சரியென்றும் சொல்லவில்லை, வேண்டாமென்றும் சொல்லவில்லை. கொஞ்சம் பொறுப்போம் என்றாள்.

அப்படிப் பொறுத்திருந்தபோதுதான் ஒரு காலையில் அவர் துணி அலமாரியின் முன்னால் நின்றார். அதன் கதவு ஈரத்தில் ஊதி, திறக்கும்போதெல்லாம் தரையில் உரசும். கதவின் அடி விளிம்பை விரலால் தடவிப் பார்த்துவிட்டு, "இழைப்புளி" என்றார். தடுமாறாமல், தேடாமல், முழுசாக. அவள் கையிலிருந்த துணியைக் கீழே வைத்துவிட்டாள். எந்த இழைப்புளி என்று கேட்க வேண்டியிருக்கவில்லை. மரத்தில் செய்தவை நாலைந்து பட்டறைச் சுவரில் தொங்கின. அவர் கேட்டது இரும்பில் செய்த பழையதை. வேலை கற்ற நாளிலிருந்து அவர் கையை விட்டுப் பிரியாதது.

அதைத்தான் கொழுந்தன் எடுத்துவந்து முறித்து வைத்திருந்தான். இருபது வருஷம் ஒரே வீட்டில் இருந்தவளுக்குக் கணவரைத் தெரியும். ஒருமுறை கேட்டது கிடைக்காவிட்டால் மறுமுறை கேட்கமாட்டார்.

நூல் சுற்றிய பாபின்களைப் போட்டு வைக்கும் தகர டப்பாவில் சக்கரத்தைப் போட்டுக்கொண்டு கடை கடையாக ஏறினாள். முதல் கடையில் நட்டு டிராயரை முழுக்கக் கவிழ்த்துப் பார்த்தார்கள். அளவுக்குக் கிட்ட வந்ததுகூட இல்லை. அடுத்த கடைக்காரர் டப்பாவுக்குள் பார்த்த கையோடு, புதுசு ஒன்று வாங்கிக்கொண்டு போகச் சொன்னார். பழைய இரும்புச் சந்தையில் ஒருவர் குவியலுக்கு அடியில் கைவிட்டு, அச்சு அசலாக அதே இழைப்புளியை இழுத்துப் போட்டார். அவள் இரண்டு கையாலும் அதை அள்ளி எடுத்தாள். திருப்பிப் பார்த்தால் உடம்பு மட்டும்தான். சக்கரமும் தண்டும் இருக்க வேண்டிய இடத்தில் ஓட்டை.

"இதைத் தேடி வர்றவங்க எல்லாருமே அந்தச் சக்கரத்தைத்தாம்மா தேடுறாங்க," என்றார் அவர். "உடம்பு என்கிட்ட கிடக்கு. உறுப்பு ஊரெல்லாம் ஓடிக்கிட்டிருக்கு."

கடைசியில் இழைப்புளியையும் எடுத்துக்கொண்டு, இரும்பு கடையும் லேத் பட்டறைக்குப் போனாள். அங்கிருப்பவரை எல்லோரும் அரைமில்லி என்றுதான் கூப்பிடுவார்கள். உலகத்தில் நடக்கும் எல்லாத் தப்புக்கும் அரை மில்லிமீட்டர் வித்தியாசம்தான் காரணம் என்பது அவர் கட்சி. குறடு கடித்துக் குதறிய சக்கரத்தை ஒரு பார்வை பார்த்தார். உள்ளே மாட்டிய துண்டை எடுக்க முடியாது, எடுத்தும் பிரயோஜனமில்லை, இரண்டையும் புதிதாகவே கடைந்துவிடலாம் என்றார். ஏதோ பம்புக்கான வேலை நடுவில் நின்றது. அதை ஓரமாக வைத்துவிட்டு இதைச் செய்தார். இழைப்புளிக்குள் தங்கிவிட்ட மிச்சத் தண்டைத் துளைபோட்டு எடுத்து, புதுத் தண்டை ஏற்றி, புதுச் சக்கரத்தை மாட்டி அவள் முன்னாலேயே திருப்பிக் காட்டினார். அலகு வெளியே வந்தது, உள்ளே போனது. வெண்ணெய் மாதிரி.

வீட்டுக்கு வந்து அலமாரிக் கதவைக் கழற்றி இரண்டு ஸ்டூல்களின் மேல் கிடத்தினாள். கொழுந்தனைத் தள்ளி நிற்கச் சொன்னாள். கணவர் இழைப்புளியைக் கையில் எடுத்தார். தலைகீழாகத் திருப்பி, ஒரு கண்ணை மூடி, அதன் அடிப்பரப்பின் வழியே வெளிச்சத்தைப் பார்த்தார். அந்த முகத்தை அவள் பார்த்து எவ்வளவோ நாளாகியிருந்தது. அலகு கொஞ்சம் அதிகமாக வெளியே இருந்திருக்க வேண்டும். அதை உள்ளே இழுக்கச் சக்கரத்தை விரலால் ஒரு தள்ளு தள்ளி, இன்னொரு முறை பார்க்காமலே கதவில் வைத்துத் தள்ளினார். அவருக்கு இன்னொரு முறை பார்க்கத் தேவைப்பட்டதே இல்லை.

இழைப்புளி கரக்கென்று கடித்து நின்றது. ஒரு சில்லு பெயர்ந்தது. அவர் நிறுத்தி, சக்கரத்தை இன்னும் கொஞ்சம் தள்ளினார். இந்த முறை விரல் நீளத்துக்குச் சிம்பு கிளம்பியது. சக்கரத்தைப் பார்த்தார். தன் விரலைப் பார்த்தார். மீண்டும் அதே பக்கம் தள்ளி, இழைப்புளியைக் கவிழ்த்துப் பார்த்தபோது அலகு நாக்கைத் துருத்திக்கொண்டு நின்றது.

அவர் அதைச் சாய்த்து, அலகு தரையில் படாமல் வைத்தார். அதை மட்டும் மறக்கவில்லை. பிறகு நெற்றிப் பொட்டில் இரண்டு விரலால் தட்டினார்.

"இங்க... போச்சு."

கொழுந்தன் இழைப்புளியை எடுத்துச் சக்கரத்தை இப்படியும் அப்படியும் சுற்றிப் பார்த்தான். நல்லாத்தானே வேலை செய்கிறது என்று முணுமுணுத்தவன், அதற்கு என்ன அர்த்தம் என்று தோன்றியதும் வாயை மூடிக்கொண்டான். அவளை ஏறிட்டுப் பார்க்கவில்லை. மறுநாள் காலை, கண்ணாடிக்காரரை வந்து பட்டறையைப் பார்க்கச் சொல்லட்டுமா என்று கேட்டான். அவள், சொல்லு என்றுதான் சொன்னாள்.

அவன் போன பிறகு மெஷினில் உட்கார்ந்தாள். பாபின் எடுக்க டப்பாவைத் திறந்தால், பழைய சக்கரம் அங்கேயே கிடந்தது. தூக்கிப் போடத்தான் எடுத்தாள். முறிந்த தண்டின்மேல் ஜன்னல் வெளிச்சம் விழுந்தது. அதிலிருந்த மரையின் திருகுக் கோடுகள் சாய்வாக ஓடின. அவள் கண்ணுக்கு அந்தச் சாய்வில் என்னவோ உறுத்தியது. தையல்காரர்களுக்கு நூலின் முறுக்கு தெரியும். நேராகப் பிடித்துப் பார்த்தால் முறுக்கு எந்தப் பக்கம் ஏறுகிறது என்று கண்ணே சொல்லிவிடும். எதிர்முறுக்கு நூல் ஒன்று தப்பித் தவறி வந்துவிட்டால் மெஷின் ஓட ஓட அதைப் பிரித்துப் பிரித்து அறுத்துவிடும். அவள் மெஷினின் தகட்டிலிருந்து ஒரு திருகாணியைக் கழற்றித் தண்டுக்குப் பக்கத்தில் பிடித்தாள். திருகாணியின் கோடு வலப்பக்கமாக ஏறியது. தண்டின் கோடு இடப்பக்கமாக ஏறியது.

 கொழுந்தன் கழற்றுவதாக நினைத்து இறுக்கியிருக்கிறான். அரைமில்லி எல்லாத் தண்டுக்கும் போடுகிற வலப்பக்க மரையை இதற்கும் போட்டிருக்கிறார். கணவரின் விரல் மட்டும், எப்போதும் தள்ளிய பக்கமே சரியாகத் தள்ளியிருக்கிறது. ஒவ்வொரு முறையும்.

உள்ளறைக்குப் போய்ச் சொன்னாள். "ஏங்க, தப்பு உங்க மேல இல்ல. சக்கரத்து மேல." அவர் அவளைப் பார்த்துச் சிரித்தார். காய்ச்சல்காரனுக்கு எல்லாம் சரியாகிவிடும் என்று சொல்கிறவர்களைப் பார்த்துச் சிரிக்கும் சிரிப்பு. நம்பவில்லை. இந்த வீட்டில் அவருக்கு ஆறுதல் சொல்லாதவர் யார்?

அவள் அவருடைய சட்டையை எடுத்துக் கொடுத்தாள். கொழுந்தனை வண்டி எடுக்கச் சொன்னாள்.

அரைமில்லி முதலில் ஒத்துக்கொள்ளவில்லை. வாங்கிக்கொண்டு போகும்போது வேலை செய்ததா இல்லையா என்றார். அவள் முறிந்த தண்டையும் திருகாணியையும் அவர் உள்ளங்கையில் வைத்தாள். அவர் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி, வாசலுக்குப் போய், வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு தன் தலையில் தானே ஒரு தட்டுத் தட்டிக்கொண்டார்.

"அரை மில்லி இல்லக்கா. முழுசாவே தப்பு பண்ணிட்டேன்," என்றார். நேரே கணவரிடம் போனார். "அண்ணே, அலகு உள்ள போகணும்னா நீங்க எந்தப் பக்கம் திருப்புவீங்க?"

வழக்கம்போலக் கொழுந்தன் வாயைத் திறந்தான். அவள் அவன் முழங்கையைப் பிடித்தாள். பட்டறையில் ஏதோ ஒரு மோட்டார் மட்டும் ஓடிக்கொண்டிருந்தது. கணவரின் உதடு ஒரு வார்த்தைக்காக அசைந்தது. வந்தது தப்பான வார்த்தையாக இருக்கும் என்று தோன்றியதோ என்னவோ, விழுங்கிவிட்டார். பிறகு வலக்கையை முன்னால் நீட்டி, எதுவுமில்லாத காற்றில் ஆள்காட்டி விரலால் ஒரு தள்ளு தள்ளினார். இடப்பக்கம்.

அரைமில்லி பழைய சக்கரத்தைத் தண்டோடு சேர்த்து அதே பக்கம் திரும்புவதாகக் கற்பனை செய்து பார்த்தார். "உள்ளதான் போகுது," என்றார். "நீங்க சொல்றது சரி. நான்தான் ஏமாந்துட்டேன்."

சொன்னது யாரோ ஒரு வெளியாள். சொந்தமில்லை, ஆறுதல் சொல்ல வேண்டிய கடமையும் அவருக்கு இல்லை. கணவர் அவரையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு அங்கிருந்த ஒரு ஸ்டூலை இழுத்து லேத்துக்குப் பக்கத்தில் போட்டு உட்கார்ந்தார்.

இடப்பக்க மரை வெட்ட வேண்டுமானால் வெட்டும் டூலை எதிர்த்திசையில் ஓட்ட வேண்டும். அரைமில்லி பல்சக்கரங்களை மாற்றிக்கொண்டே, உலகமே ஒரு பக்கம் திரும்பும்போது எவனோ ஒருவன் இந்தப் பக்கம் திரும்பியிருக்கிறான் பாருங்கள் என்று புலம்பினார். முறிந்தது எப்படி என்று கேட்டார். கொழுந்தன் குறடு கதையைச் சொன்னான். கழற்றத்தான் பார்த்தேன், இப்படி எதிராக இருக்கும் என்று யாருக்குத் தெரியும் என்றான்.

கணவர் கையை உயர்த்தினார். எல்லோரும் அவரைப் பார்த்தார்கள். அவர் தம்பியைச் சுட்டிக்காட்டினார்.

"மரை... கழண்டது... இவனுக்கு."

ஒரு நொடி யாருக்கும் பிடிபடவில்லை. முதலில் சிரித்தது கொழுந்தன்தான். சிரித்துச் சிரித்து, பிறகு இரும்புத் தூள் கண்ணில் விழுந்துவிட்டதாகச் சொல்லி வாசல் பக்கம் திரும்பிக்கொண்டான். அங்கே நிற்கும்போது அவன் போன் அடித்தது. யாரென்று எடுத்துப் பார்த்தான். "கண்ணாடிக்காரர், அண்ணி," என்றான்.  அவன் எடுக்காமல் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டான். அது இன்னும் கொஞ்ச நேரம் பைக்குள்ளேயே அடித்து ஓய்ந்தது.

புதுச் சக்கரம் மாட்டியாயிற்று. பட்டறையில் மரம் என்று இருந்தது, ஏதோ ஒரு மெஷின் வந்திறங்கிய பெட்டியின் பலகை. அரைமில்லி ஆணிகளைப் பிடுங்கிவிட்டு அதைக் கொண்டுவந்து போட்டார். கணவர் இழைப்புளியைக் கவிழ்த்து ஒரு கண்ணை மூடினார். அவளும் எதிர்ப்பக்கம் குனிந்து பார்த்தாள். விரல் அசைந்தது. அலகின் கோடு, துணிக்குள்ளிருந்து ஊசிமுனை தலைகாட்டுவதுபோலத் தெரிந்தது. விரல் திரும்ப அசைந்தது. கோடு மறைந்தது.

அவர் இழைப்புளியை அவள் கையில் கொடுத்தார். பிறகு பலகையின்மேல் குனிந்து, உள்ளங்கையால் ஒரு முனையிலிருந்து மறுமுனைவரை தடவினார். அங்கிருந்து திரும்பித் தடவிக்கொண்டு வந்தார். எந்தப் பக்கம் இழைத்தால் மரம் எதிர்க்காது என்று கேட்பதுபோல அந்தக் கை அவசரமில்லாமல் போய்ப்போய் வந்தது.