துக்கத்துக்கு ஒரு பொத்தான்

டென்மார்க்கின் ஹேர்னிங் நகரில் விடியுமுன்பே அந்தச் சலவை ஆலையின் நீராவி மூச்சை முட்டும். ஆஸ்பத்திரிகளிலிருந்து வந்த விரிப்புகளில் சீழும் இரத்தமும் காய்ந்திருக்கும். அவற்றை உதறி உதறியே ராசமலருக்குத் தோள் இற்றுப்போயிருந்தது. அந்த நாற்றம் பழகிவிட்டது. பழகாதது, தலைக்குமேல் தொங்கிய விளக்கு. வேலையில் கை சற்றே தளர்ந்தால் அது சிவக்கும், முதலாளியின் கணினியிலும் பதிவாகும்.

விளக்கை ஆட்டிவைக்கும் மென்பொருளைச் செய்தவர் பாலேந்திரா. பேராதனைப் பல்கலைக்கழகத்தில் படித்த எஞ்சினியர். அகதியாக வந்த புதிதில் இதே ஆலையில், ராசமலருக்குப் பக்கத்தில் நின்று விரிப்பு மடித்தவர். பிறகு டேனிஷ் படித்து, அலுவலக வேலை பிடித்து, சொந்தக் கம்பனியும் தொடங்கினார். அன்று அவர் பெயரில் அர்ச்சனை செய்தவள் ராசமலர்.

2009 மே மாதம் முள்ளிவாய்க்காலில் யுத்தம் முடிந்ததென்று டேனிஷ் தொலைக்காட்சியும் சொன்னது. ராசமலரோடு வேலை செய்த யசிந்தாவின் தங்கை அங்கே அகப்பட்டிருந்தாள்; அவள் உயிரோடு இருக்கிறாளா என்று சொல்ல ஆளில்லை. அழுதபடி வேலைக்கு வந்த யசிந்தாவின் கை தளர்ந்தது, விளக்குச் சிவந்தது. பதறி விரிப்பைத் தள்ளியவளின் விரல்களை இஸ்திரி இயந்திரத்தின் சூட்டு உருளை உள்ளே இழுத்தது. தசை கருகிய மணம் ராசமலரின் தொண்டையில் ஒட்டிக்கொண்டது.

மறுநாள் முதலாளியோடு பாலேந்திரா வந்தார். கோட்டில் கறுப்புப் பட்டி.

"கொம்பியூட்டரிலை வடிவாய்க் கிடக்கு. யசிந்தா கவனமில்லாமல் நிண்டிருக்கிறா. அவவை வேலையாலை நிப்பாட்டத்தான் வேணும்."

"அவளின்ரை தங்கச்சி வன்னியிலை, அண்ணை" என்றாள் ராசமலர்.

"எனக்குத் துக்கமில்லையே? கோபன்ஹேகன் ஊர்வலத்திலை பேசினது நான்தான். அதுக்காக அதை வேலைக்குள்ளை கொண்டுவரேலாது." திடீரென அவர் முகம் மலர்ந்தது. "ஒண்டு செய்வம். துக்கத்துக்கு ஒரு பொத்தான் வைச்சுத் தாறன். அமத்தினால் கொஞ்ச நேரம் விளக்குச் சிவக்காது."

ராசமலர் கையிலிருந்த விரிப்பைக் கீழே போட்டாள். 

"அந்தப் பொத்தானை நீங்களே வைச்சிருங்கோ. விளக்கைக் கழட்டுங்கோ. யசிந்தாவுக்கு வேலை இருக்கெண்டு சொல்லுங்கோ. அதுமட்டும் நான் துணியிலை கை வையன்."

"உமக்கு விளங்கேல்லை, ராசமலர்..."

"விளங்கினபடியால்தான் சொல்லுறன்."

தொழிற்சங்கப் பிரதிநிதி பியெர்த்தவிடம் எல்லாவற்றையும் டேனிஷில் சொன்னாள். பியெர்த்த நேரே போய் இயந்திரத்தை நிறுத்தினாள். கூட வேலை செய்த துருக்கிப் பெண்கள் கையுறைகளைக் கழற்றினார்கள். துணிவண்டி தள்ளும் சிவபாலன் வண்டியை நடுவழியில் விட்டுவிட்டு வந்தான்.

"நாளைக்கே வேறு ஆள் பிடிப்பேன்!" முதலாளி கத்தினார்.

பிடித்தாலும் பிடிப்பார். ராசமலருக்குப் பயமாகத்தான் இருந்தது. ஆனாலும் வாசலுக்கு வந்த பிறகு ஒருவரும் திரும்பிப் போகவில்லை. குளிர்காற்றில் தோளோடு தோள் ஒட்டி நின்றார்கள். வீட்டில் கிடந்த யசிந்தாவுக்கு ராசமலர் போன் செய்தாள்.

"பிள்ளை, நாங்கள் எல்லாரும் வெளியிலை நிக்கிறம். கைக்கட்டோடையே வெளிக்கிட்டு வா."