மாஸ்டரின் கட்டைவிரல்

மத்தியானம் இரண்டு மணிக்கு முதல் ஆள் வாந்தி எடுத்தபோது மாஸ்டர் சிரித்தார். துணி ஆலையின் காண்டீனில் பதினெட்டு வருடமாக அடுப்பைக் கட்டி ஆள்கிறவர். தன் சாப்பாட்டால் ஒருவனுக்கு ஏப்பம் வரலாம், வாந்தி வருமா? இரண்டரைக்குள் முப்பது பேர் தையல் மெஷினை விட்டுவிட்டுக் கழிப்பறைக்கு ஓடினார்கள். சிரிப்பு நின்றது. உடனே பழி போட ஆள் தேடினார். ஆள் பக்கத்திலேயே இருந்தான்: மனைவியின் தம்பி. காண்டீனுக்குச் சரக்கு வாங்குகிறவன், முட்டை வாங்கியதும் அவன்தான்.

"பார்த்து வாங்கத் தெரியாம கூழ்முட்டையைத் தூக்கிட்டு வந்துட்ட, மாப்ள," என்று எல்லோர் முன்னாலும் சொன்னார். மச்சினனின் காது சிவந்தது.

அன்றைக்குப் பன்னிரண்டு மணிச் சாப்பாட்டில் பரிமாறியது அவித்துப் பிசைந்த முட்டையும் உருளைக்கிழங்கும். காலை எட்டு மணிக்கே பிசைந்து மேடைமேல் வைத்தாயிற்று. கரண்டியால் பிசைந்தால் கட்டி தட்டும், கையால்தான் பிசைய வேண்டும் என்பது மாஸ்டரின் சட்டம். உறை மாட்டினால் பதம் தெரியாதாம். அந்தக் கையின் கட்டைவிரலில் நான்கு நாளாக நகச்சுத்து. இரவெல்லாம் எலுமிச்சம்பழத்தைச் சொருகிக்கொண்டு படுத்தவர், காலையில் அதை உருவிப் போட்டுவிட்டு வேலையில் இறங்கினார். விரல் விண்விண் என்று தெறித்தது. தலைக்குமேல் வேலை கிடக்கும்போது விரலை யார் பார்ப்பார்கள்?

இன்னும் ஒரு குண்டான் மீதி இருந்தது. ஆலையின் பின்பக்கத்தில் தையல்காரப் பெண்களின் பிள்ளைகளுக்கு ஒரு காப்பகம் உண்டு. பதினோரு பிள்ளைகள். அவர்களுக்கு நான்கு மணிக்குக் கொடுக்க எடுத்து வைத்தது. கொட்டியிருக்கலாம். கொட்டினால் தப்பு தன் சமையலில்தான் என்று ஒப்புக்கொண்டதாகிவிடுமே! நெருப்புக்கு முன்னால் எந்தக் கிருமி நிற்கும் என்று, பாலை ஊற்றித் தளதளவென்று கொதிக்கவைத்து, மூன்றரைக்கு மச்சினனிடமே கொடுத்தனுப்பினார்.

சுகாதார ஆய்வாளர் வந்தபோது மணி மூன்று ஐம்பது. அதிகம் பேசாத பெண்மணி. மாஸ்டர் முட்டைக் கதையை விரித்தார். ஆய்வாளர் பாதியிலேயே நிறுத்தினார். முட்டையில் வருகிற சால்மோனெல்லாவுக்குப் பெரும்பாலும் ஆறு மணி நேரமாவது வேண்டும், இரண்டே மணி நேரத்தில் இத்தனை பேர் விழுந்தால் இது வேறு, ஸ்டஃபைலோகாக்கஸாக இருக்கலாம் என்றார். அது மூக்கிலும் சீழ்ப்புண்ணிலும் குடியிருக்குமாம். கை வழியாகச் சாப்பாட்டில் இறங்கி, ஆறிக் கிடக்கும் பாத்திரத்தில் பல்கிப் பெருகுமாம்.

"சுட வெச்சா செத்துடும்ல, மேடம்?" மாஸ்டரின் குரல் அவருக்கே கேட்கவில்லை.

"கிருமி செத்துடும். அதுக்கு முன்னாடியே அது விட்ட விஷம் எவ்வளவு கொதிச்சாலும் போகாது. எல்லாரும் கையைக் காட்டுங்க."

வரிசையாகக் கைகள் நீண்டன. மாஸ்டரின் வலது கை மட்டும் முதுகுக்குப் பின்னால் இருந்தது. காட்டினால் பதினெட்டு வருடப் பேர் ஒரே நொடியில் போகும். காட்டாவிட்டால் பதினோரு பிள்ளைகள். சுவர்க் கடிகாரத்தில் நான்காக நான்கு நிமிடம் இருந்தது.

கையை நீட்டினார். "முட்டை இல்லங்க. நான்தான். மிச்சத்தைப் பிள்ளைங்களுக்கு அனுப்பிட்டேன்," என்றவர், ஆய்வாளர் வாய் திறப்பதற்குள் ஓடினார்.

காப்பகத்து ஆயாவுக்கு ஓடிக்கொண்டே போன் அடித்தார். எடுக்கவில்லை. பிள்ளைகள் தூங்குகிற நேரத்தில் அவள் போனின் சத்தத்தை அடைத்துவிடுவாள். ஐம்பத்தைந்து வயதுக் கால்கள் நூல்கிடங்கைச் சுற்றிக்கொண்டு ஓடின. தொப்பையை ஒருநாளும் அப்படிச் சபித்ததில்லை.

காப்பகத்தில் பிள்ளைகள் வட்டமாக உட்கார்ந்து கரண்டியால் தட்டைத் தட்டிக்கொண்டிருந்தார்கள். தட்டுகள் காலியாக இருந்தன. சாப்பிட்டாயிற்றோ?

"என்ன மாஸ்டர், இப்படிக் கொதிக்கக் கொதிக்க அனுப்பினா பிள்ளைங்க நாக்கு என்னத்துக்காகும்?" ஜன்னலோரம் குண்டானை வைத்து மூடியால் விசிறிக்கொண்டிருந்த ஆயா கேட்டாள். "இப்பத்தான் ஆறுது. போடப் போறேன்."

குண்டானை அவள் முன்னாலிருந்து பிடுங்கித் தொட்டியில் கவிழ்த்தார். குழாயைத் திறந்துவிட்டு, அழுதார். பிள்ளைகள் தட்டுவதை நிறுத்திவிட்டு அவரைப் பார்த்தார்கள்.

அப்புறம்தான் கதவு மூலையைக் கவனித்தார். மச்சினன் ஒரு தட்டை மடியில் வைத்து வழித்துக்கொண்டிருந்தான்.

"ரெண்டாவது தட்டு மாமா," என்றான், முகத்தைப் பார்க்காமல். "நாளைக்குக் காலையில நல்லபடியா வந்து நிக்கிறேன். கூழ்முட்டையா நல்ல முட்டையான்னு எல்லாரும் பார்க்கட்டும்."

மாஸ்டர் அவன் முன்னால் கட்டைவிரலை நீட்டினார். ஆய்வாளர் சொன்னதைத் திக்கித் திக்கிச் சொன்னார். மச்சினன் விரலைப் பார்த்தான், பிறகு வழித்த தட்டைப் பார்த்தான். அதை மெதுவாகக் கீழே வைத்தான்.

"இதை எல்லார் முன்னாலயும் சொல்லுவீங்களா?"

"சொல்லிட்டுத்தான் வந்தேன், மாப்ள."

"எனக்கு எப்ப வரும்?"

"ஆறு மணிக்குள்ள."

மாஸ்டர் குளியலறை வாளியை எடுத்துவந்து அவன் பக்கத்தில் வைத்தார். தானும் தரையில் உட்கார்ந்து, அவன் முதுகில் இடது கையை வைத்துக்கொண்டார்.