அவர் வாயால்

புருஷனிடமிருந்து விடுதலை வாங்கவும் புருஷனுக்காக அவளேதான் பேச வேண்டியிருந்தது. இந்தக் கொடுமையை யாரிடம் போய்ச் சொல்லி அழ?

அவர் கண்ணாடி வெட்டும் கடை வைத்திருந்தார். ஜன்னலோ மீன்தொட்டியோ, அளவைச் சொன்னால் போதும், ஒரு கீறல், ஒரு தட்டு, துண்டு கையோடு வந்துவிடும். கைதான் அப்படி. வாய் எழும்பாது. வீட்டு ஓனர், டாக்டர், சொந்தபந்தம் என்று எல்லோரிடமும் அவருக்காகப் பேசியவள் அவள்தான். பகலெல்லாம் கூரியர் ஆபீசில் போனைப் பிடித்துக்கொண்டு தொண்டைத் தண்ணீர் வற்றக் கத்திவிட்டு, வீட்டுக்கு வந்தும் இரண்டு பேருக்குப் பேச வேண்டும்.

"எதைக் கேட்டாலும் 'ம்'. சுவத்தோடவா குடும்பம் நடத்துறது?" என்று அக்காவிடம் அழுதாள். பிரிந்துவிடலாம் என்று அவரிடமே ஒருநாள் சொன்னாள். அதற்கும் "ம்" தான்.

கோர்ட் வாசலை மிதித்தால் வருஷக்கணக்கில் இழுத்தடிப்பார்கள் என்று பயந்து, இருவரும் சமரச மையத்துக்கு வந்தார்கள். பெயின்ட் ஒட்டிக்கொண்டு திறக்க மறுக்கிற ஜன்னலோடு ஒரு சின்ன அறை. எதிரே மத்தியஸ்தர், காது மேல் பேனா செருகிய ஒரு பெண்மணி.

"உங்களுக்கு என்ன வேணும் சார்?"

அவர் மேஜைக் கண்ணாடியின் விளிம்பைத் தடவிக்கொண்டிருந்தார்.

"அவருக்கும் சம்மதந்தான் மேடம்," என்றாள் அவள். "கடைப்பக்கமா ரூம் கூடப் பாத்துட்டேன். முட்டி வலி இருக்கு, அதனால கீழ்வீடு."

"அவர் வாயால சொல்லணும்மா. நீங்க சொல்றத வச்சு நான் எழுத முடியாது."

"ம்," என்றார் அவர்.

"'ம்'னாலும் எழுத முடியாது சார். வார்த்தையா சொல்லணும். இல்லன்னா நீங்க கோர்ட்டுக்குத்தான் போகணும்."

இந்த மனுஷன் வாயைத் திறக்கப்போவதுமில்லை, அவளுக்கு விடியப்போவதுமில்லை. நாக்கைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்து பார்த்தாள். முடியவில்லை. "அவர் என்ன சொல்ல வர்றாருன்னா..." என்று தொடங்கியதும், மத்தியஸ்தர் கதவைக் காட்டிவிட்டார்.

"கொஞ்சம் வெளிய இருங்க. அவர்கிட்ட தனியா பேசுறேன்."

கதவில் மங்கல் கண்ணாடி பதித்திருந்தது. அதற்குப் பின்னால் அவருடைய கை மேலும் கீழும் ஆடுவது தெரிந்தது. பேசுகிறார்! அதுவும் ஓயாமல் பேசுகிறார். பெஞ்சின் நுனியில் உட்கார்ந்து காதைத் தீட்டிக்கொண்டாள். ஒன்றும் கேட்கவில்லை. முதலில் கோபம் வந்தது, பிறகு பயம் வந்தது.

திரும்ப உள்ளே கூப்பிட்டதும், "என்ன சொன்னார் மேடம்?" என்றாள்.

"தனியா சொன்னத நான் வெளிய விடக்கூடாதும்மா. அதுதான் இங்க முறை. அவரே சொல்வார். முடிக்கிற வரைக்கும் நீங்க நடுவுல பேசக்கூடாதாம். அவர் கேட்டது அது ஒண்ணுதான்."

அவர் தொடங்கினார். ஒரு வார்த்தைக்கும் அடுத்த வார்த்தைக்கும் நடுவில் அவள் ஒரு கதையே சொல்லி முடித்திருப்பாள். முந்தானையைக் கசக்கிக்கொண்டு பொறுத்தாள்.

"எனக்கும்... போயிடணும்னுதான் இருந்துச்சு. ரொம்ப நாளா." எச்சில் விழுங்கினார். "காலையில 'நான் போறேன்'னு ஆரம்பிப்பேன். 'கடைக்குத்தான, குடைய எடுத்துக்கோங்க'ன்னு நீ முடிச்சிடுவ. குடைய எடுத்துக்கிட்டு... கடைக்குப் போயிடுவேன்."

வெயில் கொளுத்துகிற நாளிலும் குடையோடு அவர் வாசலில் தயங்கி நின்றதெல்லாம் அவளுக்கு ஞாபகம் வந்தது. எதையோ மறந்துவிட்டார் என்றுதான் நினைத்திருந்தாள். அவளுக்கு முன்பே அவர் சிக்கிக்கொண்டிருந்திருக்கிறார். பூட்டு அவள் வாய்.

"எனக்குப் பிரியச் சம்மதம்," என்று தெளிவாக முடித்தார்.

மத்தியஸ்தர் அதை எழுதிக்கொண்டார். "நீங்க சொல்லுங்கம்மா. சம்மதமா?"

இதற்காகத்தானே வந்தாள். வாயைத் திறந்தாள். அத்தனை வருஷம் ஊருக்கெல்லாம் பேசிய வாயில் ஒரு சொல் வரவில்லை. அவள் தவிப்பதை அவர் பார்த்தார். பார்த்துக்கொண்டு சும்மா இருக்க அவராலும் முடியவில்லை.

"அவளுக்கும் சம்மதந்தான் மேடம்."

"அவங்க வாயால சொல்லணும் சார்."

அவள் தலையைக் குனிந்துகொண்டு, "ம்," என்றாள்.

"'ம்'னா எழுத முடியாதும்மா," என்றார் மத்தியஸ்தர்.