பதினோராவது பூட்டு

எட்டு வருஷமாக ஒருத்தி மூடிய கதவுக்கு முன்னால் கையைத் தூக்கியபடி நின்றுகொண்டிருந்தாள். தட்டவும் இல்லை, திரும்பிப் போகவும் இல்லை. ஈலா என்று பெயர். வெள்ளத்தில் மூழ்கிய நகரத்தில் படகோட்டிக்கொண்டு, காணாமல் போன தம்பியைத் தேடுகிறவள். அந்த வீடியோ கேமின் இரண்டாம் பாகம் அவள் கையைத் தூக்கிய இடத்தோடு முடிந்துவிட்டது. மூன்றாம் பாகம் வருமென்று சொன்ன கம்பெனி அப்புறம் மூச்சே விடவில்லை.

அந்தக் கம்பெனிக்கு ஆரோக்கிய ஜெனித் மனசுக்குள் எத்தனையோ தடவை நன்றி சொல்லியிருக்கிறான். கதை பாதியில் நின்றதால்தானே ‘கதவு’ என்ற வாட்ஸ்அப் குழுவே உண்டாயிற்று! பதினோரு பேர். ஜெனித்தான் அட்மின். யாரும் யாரையும் நேரில் பார்த்ததில்லை. கதவைத் திறக்கப் போவது யார் என்பது ஒன்றுதான் பேச்சு.

“யாரும் தொறக்க மாட்டாங்க. உள்ள ஆளே இல்ல. அதான்டா கதை. தம்பி வந்து நின்னா அது சீரியல்” என்பார் யாஹ்யா. புதுச்சேரியை ஒட்டின கோட்டக்குப்பத்துக்காரர், ஷார்ஜாவில் ஏசி மெக்கானிக்.

“ஈலா எப்பவோ செத்துட்டா. அது அவளுக்கே தெரியல” என்பாள் செஞ்சியில் டீச்சராக இருக்கிற சங்கவி.

“தம்பிதான் தொறப்பான். இவ்ளோ தூரம் வந்தவளுக்குக் கதவு தொறக்க ஒரு ஆள வெக்கலன்னா அவன் இன்னா கதை எழுதுறவன்?” என்பான் ஜெனித். எட்டு வருஷமும் இதே பாட்டு. கிண்டல் செய்யாத ஆளில்லை.

அவனுக்கு இருந்த பேச்சுத்துணை அவ்வளவுதான். விழுப்புரத்து வீட்டில் அம்மா சூசை மேரி இறந்தபிறகு அவன் ஒண்டி. தங்கை பவுலின் பெங்களூரில். பண்டிகைக்குப் போன் செய்வாள். வேலை திண்டிவனத்தில், பார்சல் கோடவுனில் நைட் ஷிஃப்ட். பார்சல் பேசாது. பகலில் தூக்கம். சாயங்காலம் பஸ் ஏறி ஜன்னலோரம் உட்கார்ந்து குழுவைத் திறந்தால்தான் அவனுக்கு விடியும்.

திடீரென்று மூன்றாம் பாகம் வந்தே விட்டது.

குழுவில் ஒரு சட்டம் உண்டு, போட்டவனே ஜெனித்தான். முன்பு வேறொரு கேமின் முடிவை ஒருவன் உளறி, பெரிய ரகளையாகிப் போனது. அதிலிருந்து, விளையாடி முடித்தவர் வாயைத் திறக்காமல் ஒரு பூட்டுப் படம் மட்டும் போட வேண்டும். கடைசி ஆளும் பூட்டுப் போட்ட பிறகுதான் முடிவைப் பற்றிப் பேச்சு.

லீவு போட்டு உட்கார்ந்து ஒரே மூச்சில் ஆடி முடித்தான். ஈலா கதவைத் தட்டினாள். தம்பி திறந்தான். உள்ளே கூட்டிப் போய் மீனும் சோறும் போட்டான். அவ்வளவுதான், பெயர்கள் ஓட ஆரம்பித்துவிட்டன.

“நான் சொன்னனா இல்லியா!” என்று ஜெனித் எகிறிக் குதித்துக் கத்தினான். வீட்டில் கேட்க ஆளில்லை. பூட்டுப் போடப் போனை எடுத்தவனுக்குக் கை ஓடவில்லை. பதினொன்றும் விழுந்துவிட்டால் ஒரு வாரம் சண்டை நடக்கும், எல்லாரும் அவனிடம் தோற்றுப் போவார்கள். அதற்கப்புறம்? பேச என்ன இருக்கிறது? ஒவ்வொருவராகக் கழன்று கொள்வார்கள்.

போனைக் கவிழ்த்து வைத்தான்.

சில நாளில் பத்துப் பூட்டும் விழுந்தன. எல்லாரும் அவனுக்காகக் காத்திருந்தார்கள். தினமும் சாயங்காலம் யாராவது ஒருவர், “எதுவரைக்கும் வந்தீங்க?” என்று கேட்டார். “மணிக்கூண்டுலயே சுத்திக்கினு இருக்கேன்,” “படகு கவுந்து போச்சு, பேஜாரு” என்று கூசாமல் அளந்து விட்டான். ஒரு நாள்கூடத் தவறாமல் அவனைத் தேடினார்கள். இத்தனை வருஷத்தில் அவன் இவ்வளவு சந்தோஷமாக இருந்ததில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை யாஹ்யா ஊருக்கு வந்தார். சென்னையிலிருந்து போகிற வழியில் திண்டிவனம் பஸ் ஸ்டாண்டில் இறங்குகிறேன், ஒரு டீ சாப்பிடலாம் என்றார். ஜெனித் இஸ்திரி போட்ட சட்டையோடு முன்கூட்டியே போய் நின்றான்.

நினைத்ததைவிடக் குட்டையான மனுஷர். பெட்டியைக் கீழே வைத்துவிட்டு அவனைக் கட்டிக்கொண்டார். டீ பாதி குடிக்கும் வரை பயணக் கதை பேசினார். பிறகு கிளாஸைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

“ஜெனித்து, கேமை முடிச்சா உன் பேருக்கு நேரா மெடல் விழும்ல, அத யார் வேணா பாக்கலாம். உனுக்கு மொத வாரமே விழுந்துடுச்சிடா.”

ஜெனித் கிளாஸைக் கீழே வைத்தான். எட்டு வருஷம் அதே கேமைக் கட்டி அழுதவன், இதை எப்படி மறந்தான்?

“எல்லாருக்கும் தெரியுமா பாய்?”

“தெரியும்.”

“அப்புறம் ஏன் தெனம் கேட்டீங்க?”

“சங்கவிதான் சொல்லிச்சு. அவருக்கு யாராச்சும் கேக்கணும்போல இருக்கு, கேட்டுக்கினே இருப்போம்னு. கெழமைக்கு ஒருத்தர்னு முறை வெச்சிக்கினோம். திங்கக்கெழமை என்னுது.”

டீ ஆறிப்போயிருந்தது.

“முடிவைப் பத்திப் பேசவே இல்லியா?”

யாஹ்யா தயங்கினார். “வேற குரூப்பு ஒண்ணு வெச்சிப் பேசினோம்டா. நல்ல சண்டை. கடைசில நீ சொன்னதுதான் கரெக்டுன்னு எல்லாரும் ஒத்துக்கினோம். நீதான் ஜெயிச்ச.”

புதுச்சேரி பஸ் வந்து நின்றது. “எதையும் மனசுல வெச்சிக்காத, வர்றேன்” என்று அவன் தோளைத் தட்டிவிட்டு ஏறினார்.

கோடவுனுக்குப் போகிற வழியிலேயே ஜெனித் பூட்டுப் படத்தைப் போட்டான். பத்துப் பேரும் அதன்மேல் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டினார்கள். ஒருவரும் ஒரு வார்த்தை எழுதவில்லை. எழுத என்ன இருக்கிறது? அவன் ஜெயித்த பந்தயத்தை அவனில்லாமலே கொண்டாடி முடித்திருந்தார்கள். பரிதாபப்பட்டுத்தான் கேட்டார்கள் என்பதுகூட அவனுக்குப் பெரிதாக வலிக்கவில்லை. இனிமேல் கேட்க மாட்டார்கள் என்பதுதான் வலித்தது.

மறுநாள் திங்கட்கிழமை. சாயங்காலம் பஸ் முண்டியம்பாக்கம் ஆஸ்பத்திரி ஸ்டாப்பில் ஆட்களை ஏற்றிக்கொண்டது. விக்கிரவாண்டி தாண்டியது. போன் மடியிலேயே கிடந்தது. கூட்டேரிப்பட்டு வந்தபோது யாஹ்யாவின் பெயரைத் திறந்து வைத்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தான். கேமைத் தவிர வேறெதையும் அவருக்கு அவன் இதுவரை எழுதியதே இல்லை.

‘நல்லபடியா வீடு சேந்தீங்களா பாய்? புள்ளைங்க எப்படி இருக்கு?’ என்று எழுதினான். அழித்தான். மறுபடி எழுதி, யோசிக்காமல் அனுப்பினான்.

செய்தி போய்ச் சேர்ந்ததற்கு அடையாளமாக இரண்டு டிக் விழுந்தது. படித்தால் நீலமாகும், இன்னும் ஆகவில்லை. திண்டிவனம் வந்து எல்லாரும் இறங்கிவிட்டார்கள். கண்டக்டர் வந்து தோளைத் தொடும்வரை ஜெனித் அதையே பார்த்துக்கொண்டிருந்தான்.