கணேசனின் நேற்றைய குரல்

தேவாலாவில் மழை பிடித்த திங்கட்கிழமையிலிருந்து கணேசனின் குரல் ஒரு நாள் தாமதமாக வர ஆரம்பித்தது. வாய் இன்றைக்கு அசையும். சத்தம் மறுநாள் அதே நேரத்துக்கு, அவர் எங்கே இருந்தாலும், அவர் வாயிலிருந்தே புறப்படும். காலையில் டீ கேட்டால் மறுநாள் காலையில்தான் அது கேட்டது. தினமும் கேட்கிறவர் என்பதால் அதில் ஒன்றும் கெட்டுப்போகவில்லை. ஊட்டியில் தொண்டை டாக்டர் ‘ஆ’ சொல்லச் சொன்னார். அந்த ‘ஆ’ மறுநாள் ஒரு சாவு வீட்டில் வெளிப்பட, அழுதுகொண்டிருந்தவர்கள் சட்டென்று நிறுத்திவிட்டு இவரையே பார்த்தார்கள். இந்த மழையில் துவைத்த துணியே காய மாட்டேன் என்கிறது, பேச்சு மட்டும் உடனே வந்துவிடுமா என்று பக்கத்துக் கடை ஜாகீர் கேட்டதை நியாயம் என்று ஏற்றுக்கொண்டு, ஊர் தன் வேலையைப் பார்க்கப் போனது.

குழம்பிப் போனவள் அவர் மனைவி வேலாமணி ஒருத்திதான். அவள் வண்டி ஓட்டக் கற்றுக்கொண்டிருந்தாள்.

கூடலூர் அயூப் பாயின் பேக்கரியிலிருந்து தேவாலா, நாடுகாணிக் கடைகளுக்கு பன்னும் ரொட்டியும் போடும் லைன் கணேசனுடையது. அதுதான் அவர்கள் சோறு. வழுக்கி விழுந்து இடது முழங்காலில் பிளேட் வைத்த பிறகு அவரால் கிளட்ச் மிதிக்க முடியவில்லை. “இந்த மாசத்துக்குள்ள லைசென்ஸ் எடுத்துருங்கக்கா. அதுவரைக்கும் நம்ம ஆளு ஓட்டட்டும். அப்புறம் லைனை வேற ஆளுக்கு விட்டாக் கோவிச்சுக்கக் கூடாது” என்று அயூப் சொல்லிவிட்டார். எனவே நாற்பத்தாறு வயதில் வேலாமணி குட்டியானை வண்டியின் ஸ்டியரிங்கைப் பிடித்தாள். குரல் ஒழுங்காக இருந்த வரை கவலையில்லை. விடு என்றால் விட்டாள், புடி என்றால் பிடித்தாள். அவள் கால்களைக் கணேசனின் வாய்தான் ஓட்டியது. அவர் இருமினால்கூட வண்டி நின்றது.

குரல் பிந்தியதும் எல்லாம் தலைகீழ். நாடுகாணி மேட்டில் திடீரென்று, “லெஃப்ட்ல ஒடி, பஸ் வருது!” என்று கணேசன் அலற, அவள் ஒடித்து வண்டியைத் தேயிலைச் செடிக்குள் இறக்கினாள். பஸ் எதுவும் இல்லை. அது நேற்று வந்த பஸ். அவரைக் கையால் சைகை காட்டச் சொன்னால், கையையே பார்த்து ரோட்டைக் கோட்டை விட்டாள். எழுதிக் காட்டலாம் என்றால், பேனா மூடியைத் திறப்பதற்குள் வளைவு முடிந்துவிட்டது. எது இன்றைய தப்பு, எது நேற்றையது? தூக்கத்தில்கூட அவள் கால் இல்லாத பிரேக்கை மிதித்தது.

கேட்பதற்கு ஆள் இல்லாமல் போனதால், அவள் வண்டியைக் கேட்க ஆரம்பித்தாள். கிளட்ச் பிடிக்கும் இடத்தில் பாதத்தின் கீழே ஒரு நடுக்கம் வருகிறது, விசில் வருவதற்கு முன் குக்கர் மூடி நடுங்குவதைப் போல. இது இத்தனை நாள் எங்கே இருந்தது? சாப்பிடும்போது அவளே சொல்லிப் பார்த்தாள்: “ஏனுங்க, நாளைக்கு ரெண்டாவது வளைவுக்குத் திட்டுவீங்க. கியரைக் குறைக்காம ஏறீட்டேன்.” மறுநாள் சரியாக அதே திட்டு வந்தது. சில நாள் அவள் நினைத்தது ஒன்று, வந்தது வேறொன்று. அன்றைக்கெல்லாம் ஒரே வளைவைத் திரும்பத் திரும்ப ஏறினாள். போகப் போக, அவர் திட்டு அவளுக்கு முதல் நாளே தெரிந்துவிட்டது.

டெஸ்ட் அன்று பிரேக் இன்ஸ்பெக்டர் பக்கத்தில் உட்கார்ந்து, ஏற்றத்தில் நிறுத்தி எடுக்கச் சொன்னார். கணேசன் ரோட்டோரம் ஊன்றுகோலோடு நின்றார். அவள் கிளட்சை விடும் நேரம் பார்த்து, “பிரேக்கப் புடி புள்ள, புடி!” என்று நேற்றைய குரல் வெடித்தது. இன்ஸ்பெக்டரின் கால் இல்லாத பிரேக்கை மிதித்தது. வேலாமணியின் கால் அசையவில்லை. ஆனால் வண்டியும் அசையவில்லை. என்ஜின் முக்குகிறது, யாரோ பின்னாலிருந்து முந்தானையைப் பிடித்து இழுப்பதைப் போல. வெளியே கணேசனின் வாய் பதறிப் பதறி அசைந்தது, சத்தமே இல்லாமல். ஒரு நொடி அவள் அந்த வாயைப் பார்த்தாள். பிறகு பார்ப்பதை விட்டாள். இடது கை தானாகப் போய் எதையோ இறக்கியது. வண்டி ஒரு விரல்கூடப் பின்னால் சரியாமல் மேலே ஏறியது.

மறுநாள் லைசென்ஸ் தைரியத்தில், கணேசனோடு பன் ட்ரேக்களை ஏற்றிக்கொண்டு நாடுகாணி மேட்டில் ஏறும்போது, பக்கத்து சீட்டிலிருந்து குரல் அலறியது: “கைபிரேக்கு! அடியே, கைபிரேக்க எடுக்கலியே!”

“அத நேத்தே எடுத்தாச்சுங்க” என்றாள் வேலாமணி, ரோட்டிலிருந்து கண்ணை எடுக்காமல்.

கணேசன் சிரித்துக்கொண்டே ஏதோ பதில் சொன்னார். நாளைக்குக் கேட்டுக்கொள்ளலாம் என்று அவள் கியரைக் குறைத்தாள்.