ஜாக்சன் வீட்டுக் கடல்

ஓசூர் சிப்காட்டில் ரேடியேட்டர் செய்கிற கம்பெனியில் ஜாக்சனுக்கு லீக் டெஸ்ட் பிரிவில் வேலை. தண்ணீரில் அமுக்கிக் காற்றை ஏற்றும்போது ஒரு குமிழி கிளம்பினாலும் போதும், அந்த ரேடியேட்டரை யோசிக்காமல் ஒதுக்கிவிடுவான். அப்படிப்பட்டவன் தன் வீட்டு ஹாலில் கட்டில் நீளத்துக்கு ஒரு கண்ணாடித் தொட்டி வைத்து, கடல் மீன் வளர்க்கப் போகிறேன் என்று கிளம்பினான்.

"ஓசூர்ல கடலுக்கு எங்கங்க போவீங்க?" என்று கேட்டாள் அவன் மனைவி அருள்செல்வி.

"உப்பைக் கலந்தா கடல்தான் செல்வி!"

பெங்களூரிலிருந்து டெம்போவில் தொட்டி வந்தது. குழாய்களை எல்லாம் ஜாக்சன் தன் கையாலேயே மாட்டினான். உப்பு சேர்க்கும் முன் நல்ல தண்ணீரை நிரப்பி ஒழுகுகிறதா என்று பார்க்க வேண்டும். லாரித் தண்ணீரைப் பாதி நிரப்பினான், சற்றுப் பொறுத்து விளிம்புவரை நிரப்பினான். அடியில் சுற்றிலும் செய்தித்தாளை விரித்துவிட்டு, பாட்டுப் பாடிக்கொண்டே படுக்கப் போனான்.

விடிந்து பார்த்தால் ஒரு மூலையில் செய்தித்தாள் நனைந்து சொதசொதவென்று கிடந்தது.

"போச்சு! கண்ணாடி ஒட்டு விட்டுப்போச்சு!" ஜாக்சன் தலையில் கை வைத்து உட்கார்ந்துவிட்டான்.

அருள்செல்வி குனிந்து ஒட்டுகளை ஒவ்வொன்றாக விரலால் தடவினாள். எல்லாம் காய்ந்திருந்தன. அடியில் குழாய் நுழைகிற துளையைத் தொட்டதும் விரல் ஈரமானது. "ஒட்டு நல்லாத்தான் இருக்குது. வாஷரை உள்பக்கம் போடணுமா, வெளிப்பக்கமா?"

ஜாக்சன் எட்டிப் பார்த்தான். "உள்பக்கம்," என்றான். அவன் வெளிப்பக்கம் போட்டிருந்தான்.

மாற்ற வேண்டுமென்றால் மொத்தத் தண்ணீரையும் இறக்கியாக வேண்டும். அந்த வாரம் தெருவில் குழாய்த் தண்ணீர் வரவேயில்லை. மாடி வீட்டு மங்கம்மா சத்தம் கேட்டு இறங்கி வந்தவர், ஓஸ் பைப்பிலிருந்து தண்ணீர் சாக்கடைக்குப் போவதைப் பார்த்துப் பதறிவிட்டார். "ஏமப்பா ஜாக்சன், இவ்ளோ நல்ல தண்ணிய கால்வாய்ல விடறியே, உனக்கே அடுக்குமா?"

அவ்வளவுதான். குடமும் பக்கெட்டுமாக வாசலில் வரிசை நின்றுவிட்டது. தமிழ், தெலுங்கு, கன்னடம் மூன்றிலும் சண்டையும் சிரிப்பும். தண்ணீர் பிடிக்க வந்தவர்கள் எல்லாரும் உள்ளே வந்து தொட்டியைச் சுற்றிப் பார்த்துவிட்டுத்தான் போனார்கள். மீன் எப்போது வரும் என்று எல்லாரும் கேட்டார்கள். ஜாக்சனுக்கு வாய் சும்மா இருக்குமா? "அடுத்த ஞாயித்துக்கிழமை! எல்லாரும் வந்துடுங்க, பிரியாணியும் உண்டு!"

அருள்செல்வி அவனை முறைத்தாள்.

வாஷரை மாற்றி, இந்த முறை சுத்திகரித்த தண்ணீரை நிரப்பியபோது சொட்டுக்கூட ஒழுகவில்லை. அதில் உப்பைக் கரைத்தார்கள், மணலைப் பரப்பினார்கள், பாறைகளை அடுக்கினார்கள். தொட்டி மோர் மாதிரிக் கலங்கி, மெல்லத் தெளிந்தது. "இனிமேதான் சைக்கிள்" என்றாள் அருள்செல்வி.

ஜாக்சனோடு வேலை பார்க்கும் வேப்பனப்பள்ளி முனிவேல் அப்போது அங்கே இருந்தான். "மீன் சைக்கிள் ஓட்டுமாக்கா?"

"இல்லப்பா. மீனோட கழிவுல அமோனியா வரும். அது மீனுக்கே விஷம். அதைத் தின்னுற நுண்ணுயிர் பாறையில வளரணும். அதுக்குத்தான் இப்பவே கொஞ்சம் அமோனியா ஊத்திப் பழக்கறோம். ஒரு மாசத்துக்கு மேல ஆகும்."

ஒரு மாசமா! ஜாக்சனுக்கு ஞாயிற்றுக்கிழமை கண்முன் வந்து நின்றது. தினமும் சோதனைக் குழாயில் மருந்துச் சொட்டு விட்டுப் பார்த்தான். அமோனியா தீர்ந்தால் மஞ்சளாக வேண்டியது கரும்பச்சையாகவே நின்றது.

ஞாயிறு காலை சர்ச் முடிந்ததும், பிரியாணிக்கு இலை வாங்கி வருகிறேன் என்று சொல்லிவிட்டு பைக்கை நேராக பெங்களூருக்கு விட்டான். தொட்டி வாங்கிய கடையில் ஆரஞ்சும் வெள்ளையுமாக ஒரு ஜோடி மீனைக் காட்டினான். கடைக்காரர் தண்ணீர்ப் பையில் அடைத்துக்கொண்டே கன்னடத்தில் கேட்டார்: "சைக்கிள் ஆய்த்தா?"

"ஆய்த்து, ஆய்த்து" என்று எல்லாம் முடிந்துவிட்டதுபோல் தலையாட்டினான் ஜாக்சன்.

திரும்பும் வழியில் அத்திப்பள்ளியில் வண்டிகள் நகராமல் நின்றன. பெட்ரோல் டேங்க் மேல் வைத்திருந்த பையைப் பார்த்தான். இரண்டும் பக்கத்தில் பக்கத்தில் நின்று வாயைத் திறந்து திறந்து மூடின. கரும்பச்சைக் குழாய் ஞாபகம் வந்தது. ஒரு குமிழிக்கு ஒரு ரேடியேட்டரையே ஒதுக்குகிறவன் நான், உயிரைக் கொண்டுபோய் விஷத்தில் விடுவதா? அவனுக்கே கூச்சமாகிவிட்டது. வண்டியைத் திருப்பினான்.

கடைக்காரர் திட்டவில்லை. "தொட்டி ரெடியானதும் வாங்க. இந்த ஜோடி உங்களுக்குத்தான்" என்று வாங்கி வைத்துக்கொண்டார்.

வீட்டுக்கு வெறுங்கையோடு வந்தபோது ஹால் நிறைய ஆள். இலையும் இல்லை, மீனும் இல்லை. "தண்ணி இன்னும் தயாராகல. வாய்க்கு வந்ததைச் சொல்லிட்டேன். மன்னிச்சுக்கங்க" என்றான்.

"டெஸ்ட் பாஸாகாம டிஸ்பேட்ச் பண்ணக்கூடாதுண்ணா" என்று முனிவேல் சிரித்தான். அதோடு ஹாலே சிரித்துவிட்டது. நீல விளக்கில் பாறைகளைப் பார்த்துக்கொண்டே, கிடைத்த தட்டுகளில் பிரியாணி சாப்பிட்டார்கள். எங்கே போய் வந்தான் என்பதை அன்று மாலை மனைவியிடம் சொன்னான். "திரும்பிட்டீங்கல்ல, விடுங்க" என்றாள் அவள்.

பிறகு பொறுத்திருந்தார்கள். பாறையெல்லாம் பழுப்புப் பாசி படிந்தபோது ஜாக்சன் பயந்தான், அதுவும் தானாக மறைந்தது. ஒருநாள் சோதனைக் குழாய் மஞ்சளாயிற்று. அமோனியாவைத் தின்ற நுண்ணுயிர் விடுகிற இன்னொரு நஞ்சும் தீரும்வரை காத்திருந்து, தண்ணீரில் பாதியை மாற்றினார்கள். கடைக்காரர் சொன்னபடியே அந்த ஜோடியை வைத்திருந்தார்.

இம்முறை மீனை விடுவதைப் பார்க்கவே தெரு கூடியது. பையை மிதக்கவிட்டு, தொட்டித் தண்ணீரைச் சிறிது சிறிதாகச் சேர்த்து, ஜாக்சன் மீன்களை மெல்ல உள்ளே விட்டான். இரண்டும் சர்ரென்று பாறைக்குப் பின்னால் பாய்ந்து மறைந்தன.

பார்த்தார்கள், பார்த்தார்கள், வரவேயில்லை. டீ ஆறுகிறது என்று அருள்செல்வி கூப்பிட, கூட்டம் சமையலறைப் பக்கம் நகர்ந்தது. முழங்கால் வலியால் மங்கம்மா மட்டும் நாற்காலியிலேயே உட்கார்ந்திருந்தார்.

சற்று நேரத்தில் ஹாலிலிருந்து அவர் கத்தினார்: "ரண்டி, ரண்டி! சீக்கிரம் வாங்க! ரெண்டும் வெளிய வந்து என்னையே பாக்குதுங்க!"

டீ டம்ளரோடு ஜாக்சன்தான் முதலில் ஓடினான்.